‘பாட்டி தைத்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள்

கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால், பெரும்பாலும் அது இரண்டே வார்த்தைதான்: ‘பாட்டி தைத்தது.’ எழுதியவருக்கு அது போதும். அவர் மகளுக்கும் ஓரளவு போதும். பேத்தி கைக்குப் போகும்போது அது யாருடைய பாட்டி, அம்மா வழியா அப்பா வழியா, எந்த வருடம், யாருக்காகத் தைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. நல்ல பருத்தியில் தைத்து வெயில் படாமல் வைத்த போர்வை நூறு வருடம் தாராளமாக நிற்கும். எழுதி வைக்காத பேச்சு இரண்டு தலைமுறை தாண்டுவதே அபூர்வம்.

மறதியைக் குறை சொல்வது சுலபம். உண்மையில் கதை தொலைவது போர்வையும் அதைப் பற்றிய விவரமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால்தான். போர்வை ஒருவர் அலமாரியில் இருக்கும். அதைத் தைத்தபோது எடுத்த படம் இன்னொருவர் ஆல்பத்தில் இருக்கும். எந்தத் துண்டு யாருடைய சட்டை என்று தெரிந்தவர் மூன்றாவது வீட்டில் இருப்பார். வீடு மாறும்போது, பாகம் பிரிக்கும்போது, யாராவது காலமாகும்போது இந்த மூன்றும் பிரிந்து போகும். ஆகவே இந்த வேலையில் முக்கால் பங்கு, விவரத்தைப் போர்வையோடு பிரிக்க முடியாதபடி இணைத்து வைப்பதுதான். கதையை அழகாக எழுதுவது பிறகு.

எழுதி வைத்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு ஹேரியட் பவர்ஸ் நல்ல சாட்சி. 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்தவற்றில் இன்று இருப்பதாகத் தெரிவது இரண்டு போர்வைகள்தான். ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். முதல் போர்வையை 1886-இல் ஜார்ஜியாவின் ஏதன்ஸ் நகரக் கண்காட்சியில் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில வருடம் கழித்துப் பணமுடை வந்தபோது அவரே பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தைத்திருக்கிறது என்று விளக்கினார், ஸ்மித் எழுதிக்கொண்டார். பாஸ்டனில் உள்ள இரண்டாவது போர்வையில் 15 கட்டங்கள். அதற்கும் விளக்கக் குறிப்பு இருப்பதால்தான், ஒரு கட்டத்தில் தெரியும் பன்றி, ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய ‘பெட்ஸ்’ என்ற பன்றி என்று நமக்குத் தெரிகிறது. இன்னொரு கட்டத்தின் நட்சத்திரங்கள் 1833 நவம்பரில் வானம் முழுக்க எரிகற்கள் கொட்டிய இரவு. பவர்ஸ் பிறப்பதற்கு முன் நடந்தது அது. பெரியவர்கள் சொல்லிக் கேட்டதைத்தான் அவர் தைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பன்றியும் சில நட்சத்திரங்களும்தான்.

ஸ்மித் செய்த காரியத்தை இன்று யாரும் செய்யலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் ஒரு எண்

வீட்டில் ஒரே ஒரு போர்வை இருந்தாலும் அதற்கு ஓர் எண் கொடுங்கள். ‘போ-01’ என்று எளிமையாக இருந்தால் போதும். அதே எண் போர்வையில் தைத்த நாடாவிலும், நோட்டுப் புத்தகத்திலும், ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும், ஒலிப்பதிவின் பெயரிலும், பெட்டியின் மேலும் இருக்க வேண்டும். ‘பாட்டியின் நீலப் போர்வை’ என்று பெயர் வைத்தால் இரண்டாவது நீலப் போர்வை வரும் நாளில் குழப்பம் ஆரம்பிக்கும். நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டால் இன்னும் மோசம்.

எண் கொடுத்ததும் துவைக்கத் தூக்கிப் போகாதீர்கள். கறை, மெழுகுத் துளி, மை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது எல்லாமே விவரம்தான். ஒரு முனை மட்டும் நைந்திருந்தால் அந்த முனையைத்தான் யாரோ தினமும் பிடித்து இழுத்துப் போர்த்தியிருக்கிறார்கள். பேச்சும் படமும் பதிவான பிறகு சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். பழையதாக இருந்தால் அப்போதும் துவைக்காமல் விடுவதே நல்லது. சாயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் திரும்பாது.

கேட்பது

தைத்தவர் இருக்கிறார் என்றால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்து அவரிடம் உட்காருங்கள். போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது. கட்டிலிலோ சுத்தமான விரிப்பு போட்ட மேசையிலோ முழுதாக விரிக்க வேண்டும். துணியைத் தொடும்போது வரும் ஞாபகம், வெறும் கேள்வி கேட்டால் வராது. அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய ‘சேவ் அவர் ஸ்டோரீஸ்’ என்ற குவில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை) வாய்மொழிப் பதிவுத் திட்டமும் இப்படித்தான் நடந்தது: தைத்தவர் தன் போர்வை ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு சுமார் 45 நிமிடம் பேசுவார். முக்கால் மணி நேரம் என்பது நல்ல அளவு. அதற்கு மேல் வயதானவர்களுக்குக் குரல் கட்டும்; பதில்கள் ‘ஆமா’, ‘இல்ல’ என்று சுருங்கும். மீதியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். முதல் முறை சொல்லாமல் விட்டது, இரவில் படுத்து யோசித்து, மறுமுறை தானே வரும்.

ஒலிப்பதிவுக்கு ஃபோனே போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனை வெறும் மேசையில் வைத்தால் ஒவ்வொரு முறை கை படும்போதும் இடிச் சத்தம் பதிவாகும். மடித்த துண்டின் மேல், பேசுபவர் வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் பதிந்து, இயர்ஃபோனில் கேட்டுவிட்டுத் தொடருங்கள். செயலி அனுமதித்தால் வேவ் (WAV) வடிவத்தில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில், வழக்கமான சிடி தரத்தில் நிமிடத்துக்கு 5 எம்பி வரும், முக்கால் மணி நேரத்துக்கு ஏறக்குறைய 240 எம்பி. ஆரம்பிக்கும்போது தேதி, இடம், பேசுபவரின் முழுப்பெயர், கேட்பவரின் பெயர், போர்வை எண் ஐந்தையும் சத்தமாகச் சொல்லுங்கள். கோப்புப் பெயர் மாறிப் போனாலும் உள்ளே இருக்கும் குரல் மாறாது.

கேள்விகளில்தான் பலரும் சறுக்குவார்கள். ‘ரொம்ப ஆசையா தைச்சீங்களா பாட்டி?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? ஆசையைப் பற்றிக் கேட்காதீர்கள், துணியைப் பற்றிக் கேளுங்கள். ‘இந்தத் துண்டு இதுக்கு முன்னாடி என்னவா இருந்துச்சு?’ ‘யாரு போட்டது?’ ‘ஏன் கிழிச்சீங்க, சின்னதாப் போச்சா, நைஞ்சு போச்சா?’ ‘இந்த மூலையில மட்டும் ஏன் வேற நிறம்?’ ‘எங்க உக்காந்து தைப்பீங்க, வெளிச்சம் எப்படி?’ ‘யாரு ஊசி கோத்துக் கொடுத்தாங்க?’ ‘நடுவுல எப்பவாவது நிறுத்தி வச்சீங்களா?’ கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். அதற்குத்தான் பெரும்பாலும் பெரிய பதில் வரும். நிறுத்தியதற்குப் பின்னால் ஒரு பிரசவமோ, சாவோ, சண்டையோ, வேலை மாற்றமோ இருக்கும்.

தையலைக் கூர்ந்து பார்த்தால் கேள்வி தானே கிடைக்கும். போர்வையின் மேல்பக்கத்தில் ஓட்டுத் தையல் ஓர் அங்குலத்துக்கு எத்தனை விழுந்திருக்கிறது என்று மூன்று, நான்கு இடங்களில் எண்ணுங்கள். நடுவில் ஒன்பது, பத்து என்று வந்து, ஓரமாக ஒரு கட்டத்தில் மட்டும் ஐந்து வந்தால் அங்கே வேறு கை புகுந்திருக்கிறது. அல்லது அதே கைக்குக் கண் மங்கியிருக்கிறது. ‘இந்த இடத்துல தையல் நீளமா இருக்கே, இதுவும் நீங்கதானா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் கேட்பவருக்குத்தான் நீளமாகத் தெரியும். அந்த இடைவெளியில் நாம் அடுத்த கேள்வியைப் போட்டால், வர இருந்தது வராது.

பதிவைத் திரும்பக் கேட்கும்போது ஒரு பிரச்சினை தெரியும். ‘இது உங்க பெரியப்பா சட்டை, இது அதுக்குப் பக்கத்துல இருந்த வீட்டம்மா கொடுத்தது, இது...’ என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் ஒலியில் பதியாது. ஆகவே பேச உட்காரும் முன்பே போர்வையின் முழுப் படம் ஒன்றை ஏ4 தாளில் அச்செடுத்து, வரிசைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்றும் பத்திகளுக்கு 1, 2, 3 என்றும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு துண்டைத் தொட்டதும் நீங்கள் ‘ஆ-4, சிவப்புக் கோடு போட்டது’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தாளில் அந்தக் கட்டத்தின் மேல் பென்சிலால் ஒரு எண், நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே அவர் சொன்னது. ஒரு கட்டத்துக்குள்ளேயே எட்டு, பத்து பிட்டு இருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் தனியாகப் பெரிதாக அச்செடுங்கள். பேசுபவருக்கு முதல் ஐந்து நிமிடம் இது இடைஞ்சலாக இருக்கும். பிறகு அவரே ‘எழுதிக்கிட்டியா, ஆ-4’ என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

கட்டங்களாகப் பிரியாத, கண்டபடி ஒட்டிய போர்வைகளுக்கு அச்சுப் படத்தின் மேல் கடிகார முகம் வரைந்து ‘ஓரத்திலிருந்து ஒரு சாண், ஏழு மணி திசையில்’ என்று சொல்லலாம். ஆனால் எந்தப் பக்கம் மேலே என்பதை முதலில் முடிவு செய்து படத்திலும் நாடாவிலும் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் எல்லாக் குறிப்பும் தலைகீழாகும்.

பிறகு அந்த ஒலியை முழுதாகத் தட்டச்சு செய்யலாம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கைந்து மணி நேர வேலை பிடிக்கும் என்பதால் நிறையப் பேர் ஆரம்பிப்பதே இல்லை. அதற்குப் பதில் நேரக் குறிப்பு மட்டும் போடுங்கள்: ‘12:40, ஆ-4, பெரியப்பா சட்டை, 15:05, நடுவில் நிறுத்தியது ஏன்.’ ஒரே உட்காரலில் முடிந்துவிடும். தட்டச்சு செய்தால் அவர் பேசிய பேச்சையே எழுதுங்கள். வட்டார வழக்கைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கினால் சொன்னவர் காணாமல் போய்விடுவார்.

பேச்சில் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி வரும். யாரெல்லாம் கேட்கலாம், எழுதலாம், வெளியே காட்டலாம் என்று பேசியவரிடமே கேட்டு, ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘இது நான் போன பிறகு’ என்று அவர் சொன்ன பகுதி இருந்தால் அதைத் தனிக் கோப்பாக வெட்டி, தனி உறையில் வைத்து, மேலே அந்த நிபந்தனையை எழுதுங்கள்.

நிச்சயமானதும் கேள்விப்பட்டதும்

போர்வைக் கதைகளில் மிகை அதிகம். ‘நூற்றைம்பது வருடப் போர்வை’ என்று சொல்லுவார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பாலியஸ்டர் பஞ்சு இருக்கும். பாலியஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த சரக்கு. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. மேல்துணி ஒரு காலத்தில் ஒட்டி, பஞ்சு வைத்துத் தைத்தது முப்பது, நாற்பது வருடம் கழித்து வேறொருவராக இருக்கலாம். அதனால் குறிப்பில் வருடத்துக்கு ஒரே இடம் விடாதீர்கள். துண்டுகளை ஒட்டியது எப்போது, யார். பஞ்சு வைத்துத் தைத்தது எப்போது, யார். ஓரப்பட்டி மாற்றியது எப்போது, யார் என்று மூன்று இடம் விடுங்கள்.

போர்வையில் இருக்கும் மிகப் புதிய துணிக்கு முன்னால் அந்தப் போர்வை முடிந்திருக்க முடியாது. இதன் மறுபக்கம் உண்மையல்ல: பழைய துணி இருக்கிறது என்பதால் போர்வை பழையதாகிவிடாது. பிட்டுத்துணி மூட்டை பெட்டியில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பஞ்சுக்குள் கருப்புப் புள்ளியாக விதைத் துணுக்கு தெரிகிறது, ஆகவே இயந்திரம் வருவதற்கு முந்தைய பஞ்சு என்று சொல்வதும் தவறு. இயந்திரத்தில் விதை நீக்கிய பஞ்சிலும் துணுக்குகள் தங்கும்.

இன்னும் பரவலான ஒரு நம்பிக்கை: கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் தைப்பவர்கள் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைப் பிழையாகத் தைப்பார்கள் என்பது. பழங்காலத்தில் அப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தைத்தவரையே கேட்டால் ‘துணி தீந்து போச்சு’ என்றோ ‘தலைகீழா வச்சுட்டேன், பிரிக்கச் சோம்பல்’ என்றோ சொல்வார். அதுவே நல்ல கதைதானே. அதேபோல, அமெரிக்காவில் தப்பியோடிய அடிமைகளுக்குக் கொடியில் காயப்போட்ட போர்வைகள் ரகசிய வழிகாட்டியாக இருந்தன என்ற கதை 1990-களின் இறுதியில் மிகப் பிரபலமானது. அந்தக் காலத்து ஆவணங்களில் அதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றாளர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியும் அது இன்றுவரை பல குடும்பப் போர்வைகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இவற்றை அழிக்கச் சொல்லவில்லை. குறிப்பில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எழுத்து போடுங்கள். தைத்தவர் சொன்னது ‘த’. குடும்பத்தில் வேறொருவர் சொன்னது ‘கு’, பக்கத்தில் அவர் பெயர். துணியையோ தேதியிட்ட படத்தையோ பார்த்து எழுதியது ‘பா’. ஊகம் ‘ஊ’. அக்காவும் தம்பியும் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது எழுதுபவர் வேலை இல்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு படம் கிடைத்து அது தானே தீரலாம்.

நாடாவும் மையும்

புதிதாகத் தைக்கும் போர்வைக்கு, விவரம் எழுதிய சிறு குறிப்புத் துணியைப் பின்துணியில், கீழ் மூலையில் முன்கூட்டியே வைத்து, பஞ்சோடு சேர்த்துத் தைத்துவிடுவதுதான் சிறந்த வழி. குவில்ட் தையலே குறிப்பின் மேலும் ஓடும். யாராவது உரித்தெடுக்க நினைத்தால் போர்வையையே பிரிக்க வேண்டும். அது முடியாவிட்டால் குறிப்புத் துணியின் இரண்டு பக்கத்தை ஓரப்பட்டிக்குள் விட்டு, மற்ற இரண்டு பக்கத்தைக் கையால் எம்மிங் செய்யலாம். ஊசி பின்துணியை மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் வரக்கூடாது.

துணி நெருக்கமாக நெய்த வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்தியாக இருக்கட்டும். முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். கஞ்சியின் மேல் எழுதினால் மை நூலைப் பிடிக்காது. எழுதும்போது துணி நழுவாமலிருக்க அடியில் நைஸான உப்புத்தாள் வையுங்கள். ஃப்ரீசர் பேப்பர் (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாள்) கிடைத்தால் அதன் பளபளப்புப் பக்கத்தைத் துணியின் பின்புறம் வைத்து இஸ்திரி போட்டால் அட்டை மாதிரி விறைப்பாகும். எழுதிய பின் உரித்துவிடலாம். பேனா நிறமி (பிக்மென்ட்) மை பேனாவாக இருக்க வேண்டும், முனை அரை மில்லிமீட்டர் அளவு. அழுத்தாமல், மெதுவாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு நாள் காய விட்டு, தண்ணீர் தெளிக்காமல் சூடான இஸ்திரி வைத்து, அதே துணியில் எழுதிய ஒரு மாதிரித் துண்டைத் துவைத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள்.

எந்தப் பேனா கூடாது என்பது இதைவிட முக்கியம். தேய்த்தால் அழியும் பேனாக்களின் மை ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் நிறம் இழக்கும். இஸ்திரி வைத்த நொடியில் எழுதியது அத்தனையும் மாயமாகும். தையல் குறியிடுவதற்காக அந்தப் பேனா பக்கத்திலேயே கிடப்பதால் இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது. அப்படி நடந்தால் பதறாமல் அந்தத் துணியை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கடுங்குளிரில் மை பெரும்பாலும் திரும்பத் தெரியும். உடனே படமெடுத்து வேறு பேனாவால் எழுதிவிடலாம். பால்பாயிண்ட் காலப்போக்கில் எண்ணெய் பரவி மங்கும். சாதாரண இங்க்ஜெட் அச்சின் சாய மை தண்ணீர் பட்டால் ஓடும். பழைய இரும்பு மைக்கு வேறு குணம்: 1840-களில் அமெரிக்காவில் பரவிய, பலர் தங்கள் பெயரெழுதிய கையெழுத்துப் போர்வைகள் சிலவற்றில், மையிலிருந்த இரும்பும் அமிலமும் துணியையே அரித்து, பெயர் இருந்த இடம் எழுத்தின் வடிவிலேயே ஓட்டையாகிவிட்டது.

பேனாவில் நம்பிக்கை இல்லாதவர்கள் பென்சிலால் எழுதி, இரண்டு இழை நூலில் பின் தையலோ காம்புத் தையலோ போடலாம். முழுக்கதையும் தைக்க முடியாது. பெயர், வருடம், எண் மட்டும் போதும்.

குறிப்பில் என்ன எழுத வேண்டும்? தைத்தவரின் முழுப்பெயர், திருமணத்துக்கு முந்தைய பெயர் அல்லது இனிஷியல் வேறாக இருந்தால் அதுவும். ஊர். தொடங்கிய வருடம், முடித்த வருடம். யாருக்காக: ‘பேத்திக்கு’ அல்ல, பேத்தியின் பெயர். எதற்காக. துணி எங்கிருந்து வந்தது, ஒரே வரியில். உள்ளே இருக்கும் பஞ்சு எது, துவைக்கலாமா. போர்வை எண். பத்து வரிக்குள் அடங்கும். கடையில் பூவும் இதயமும் அச்சிட்டு விற்கும் குறிப்புத் துணிகளில் பாதி இடம் பூவுக்கே போய்விடுகிறது. பெயர் எழுத ஒரு வரிதான் மிஞ்சும். வாங்காதீர்கள்.

ஏற்கனவே பழையதாகிவிட்ட போர்வையில் இதே தாராளம் கூடாது. நேரடியாக எழுதக்கூடாது. பசை, சூட்டில் ஒட்டும் ஒட்டுத்தாள், ஊக்கு, ஸ்டேப்ளர் எதுவும் ஆகாது. ஊக்கு துருப்பிடித்து அந்த இடம் பழுப்பு ஓட்டையாகும், ஒட்டுத்தாளின் பசை மஞ்சளாகி உரிக்க வராது. அருங்காட்சியகங்கள் செய்வதுபோல ஒரு விரல் அகலப் பருத்தி நாடாவில் எண்ணை மட்டும் எழுதி, பின்துணியின் திடமான ஓரம் பார்த்து, பருத்தி நூலில் நான்கைந்து தளர்வான தையல் போடுங்கள். நாளை அதை வெட்டியெடுத்தால் தடம் தெரியக்கூடாது. கதை முழுக்கத் தாளில் இருக்கும், எண் அங்கே கூட்டிச் செல்லும்.

படம்

முன்பக்கம் முழுசு, பின்பக்கம் முழுசு, ஒவ்வொரு கட்டமும் தனியாக, நான்கு மூலைகள், ஓரப்பட்டி, குறிப்புத் துணி, கிழிசல்கள், கறைகள். பின்பக்கத்தை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள், தையல் நன்றாகத் தெரிவது அங்கேதான். தரையில் சுத்தமான விரிப்பின் மேல் போட்டு, நாற்காலியிலோ ஏணியிலோ ஏறி நேர் மேலிருந்து எடுங்கள். ஃபோனில் 0.5 அளவு அகலக் கோணம் வேண்டாம், ஓரங்கள் வளையும். ஃபிளாஷும் வேண்டாம். நிறத்துக்கு நேர் வெயில் படாத சன்னல் வெளிச்சம் போதும். தையலின் மேடு பள்ளத்துக்கு அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இலையும் கொடியும் அப்போது எழும்பும். நெருங்கி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஒரு சிறிய அளவுகோல் இருக்கட்டும்.

கோப்புப் பெயர் ‘போ-01_முன்_ஆ-4’ என்பது மாதிரி. படம் எடுத்த அன்றே மாற்றிவிடுங்கள்.

தைத்தவர் இல்லாதபோது

நிறையப் போர்வைகளுக்கு இதுதான் நிலைமை. அப்போது அதைப் போர்த்தித் தூங்கியவர்களைக் கேட்க வேண்டும். சிறு வயதில் காய்ச்சலில் படுத்த பிள்ளைகள் துண்டு துண்டாக ஞாபகம் வைத்திருப்பார்கள், ஏனென்றால் பார்க்க வேறெதுவும் இருக்காது. தையல் பெட்டி இருந்தால் அடிவரை கொட்டிப் பாருங்கள்: அட்டையில் வெட்டிய வடிவங்கள், ரசீது, மிச்சத் துணி கிடைக்கும். பழைய ஆல்பத்தில் உடைகளைக் கவனியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, பூவின் அளவும் கோட்டின் இடைவெளியும் தெரியும். ஒரு சட்டையின் கட்டம் பித்தானைவிடப் பெரியதா சிறியதா என்று பார்த்து, போர்வையில் இருக்கும் துண்டோடு ஒப்பிடலாம். பொருந்தினால் அந்தப் படத்தின் நகலை அந்தக் கட்டத்தின் குறிப்போடு வையுங்கள், முன்னால் ‘பா’ போட்டு.

சில பழைய பழுப்பு, கறுப்புத் துண்டுகள் மட்டும் உதிர்ந்து, சுற்றியுள்ளவை நன்றாக இருக்கும். சாயத்துக்குச் சேர்த்த இரும்பு துணியை அரித்ததன் விளைவு அது. அந்த இடத்தையும் வெற்று என்று விடாமல், ‘இங்கே பழுப்புத் துண்டு இருந்தது’ என்று எழுதுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் ‘தைத்தவர் தெரியவில்லை’ என்று எழுதி, எப்போது, யாரிடமிருந்து, எந்த நிலையில் வந்தது என்பதைச் சேருங்கள். இதுவும் வீண் போகாது. 1981-இல் கென்டக்கியில் ஆரம்பித்து அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்குப் பரவிய போர்வைக் கணக்கெடுப்பில், மக்கள் தங்கள் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து காட்ட, அளந்து, படமெடுத்து, உரிமையாளர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அத்தகைய பதிவுகள் பலவும் ‘குவில்ட் இண்டெக்ஸ்’ என்ற இணையத் தொகுப்பில் தேடக் கிடைக்கின்றன. பெயரில்லாத போர்வையை அதே வடிவமும் அதே துணியும் உள்ள பெயருள்ள போர்வையோடு பொருத்திப் பார்க்க இப்படிப்பட்ட தொகுப்புதான் உதவும்.

எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக 1987-இல் தொடங்கிய நினைவுப் போர்வையில் ஒவ்வொரு பலகமும் (தனித் துணிப் பகுதியும்) 3 அடிக்கு 6 அடி. பலகத்தோடு இறந்தவரைப் பற்றி ஒரு கடிதமும் படமும் சேர்த்து அனுப்பும்படி கேட்டார்கள். துணியும் தாளும் தனித்தனியே பாதுகாக்கப்படுகின்றன. வீட்டிலும் அப்படியே செய்ய வேண்டும்.

வைப்பது

கடிதத்தைப் போர்வைக்குள் மடித்து வைப்பது பார்க்க அழகு, ஆனால் தாளிலுள்ள அமிலம் துணியில் சதுரமாக மஞ்சள் கறை போடும். தாளின் பசைக்காக இராமபாணப் பூச்சியும் வரும். அமிலமற்ற தாளில் எழுதி, பாலியஸ்டர் உறையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே ஆனால் போர்வையைத் தொடாமல் வையுங்கள். போர்வையைத் துவைத்த காடா துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபடும். மரத்தில் நேரடியாகப் பட்டால் மரத்தின் அமிலம் ஏறும். மடிப்பு ஒரே இடத்தில் இருந்தால் நூல் அங்கேயே ஒடியும், ஆகவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் மடிக்க வேண்டும். மடிப்புக்குள் காடா துணியைச் சுருட்டி வைத்தால் இன்னும் நல்லது.

ஒலியும் படமும் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. பென்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். க்யூஆர் கோடு அச்சிட்டுப் போர்வையில் தைக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அது காட்டும் இணைய முகவரி சில வருடத்தில் செத்துப்போகலாம், அப்புறம் அது வெறும் கட்டம் போட்ட துணி. தைக்க ஆசை இருந்தால் தையுங்கள், பக்கத்தில் பெயரையும் வருடத்தையும் எழுத்தில் எழுதிவிட்டு. வருடத்துக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து பாருங்கள். மடிப்பு மாற்றும் நாளையே இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது.

முடியாத போர்வைகள்

ஒட்டி முடித்துப் பஞ்சு வைக்காமல் விட்ட மேல்துணிகள் பல வீடுகளில் உண்டு. காகித அச்சின் மேல் மடித்துத் தைத்த அறுகோணத் துண்டுகளாக இருந்தால், பின்பக்கம் காகிதங்கள் அப்படியே இருக்கும். அவை பழைய கடிதம், கணக்குத் தாள், செய்தித்தாள் என்று கையில் கிடைத்ததை வெட்டியவை. சுத்தம் செய்வதாக நினைத்து உருவி எறியாதீர்கள். ஒரு செய்தித்தாள் துண்டில் தேதி இருந்தால், அந்தத் துண்டு அந்தத் தேதிக்கு முன் தைக்கப்பட்டிருக்க முடியாது. ஒவ்வொன்றையும் இருக்கிற இடத்திலேயே படமெடுத்து, கட்ட எண்ணோடு எழுதுங்கள்.

இன்றைக்கு அதை முடித்துப் பயன்படுத்த நினைத்தால் தவறில்லை. முடிப்பதற்கு முன் பின்பக்கத்தை முழுதாகப் படமெடுக்க வேண்டும், ஏனென்றால் பின்துணி வைத்துவிட்டால் அதை இனி யாரும் பார்க்க முடியாது. குறிப்புத் துணியில் இரண்டு பெயரும் இரண்டு வருடமும் வரவேண்டும்: ஒட்டியவர் யார், முடித்தவர் யார். பழுது பார்க்கும்போதும் இதே முறைதான். எந்தக் கட்டம், என்ன துணி வைத்தது, எந்த நூல், என்ன தேதி, தைத்தது யார் என்று அதே நோட்டில் அடுத்த வரியில் எழுதுங்கள். நோட்டில் அதற்காகக் கடைசி நான்கு பக்கத்தையாவது முதலிலேயே காலியாக விட்டு வையுங்கள்.